மூட்டுத் தேய்மானத்தோடு அன்றாட வாழ்வு: மொரீஷியஸ் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முழங்கால், இடுப்பு, கைவிரல் மூட்டுகளில் தேய்மானம் உள்ளவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்து அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்காகவும் இக்கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இங்குள்ளவை பொதுவான விளக்கங்களே. ஒரு மருந்தைத் தொடங்குவதையும் நிறுத்துவதையும் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

மூட்டுத் தேய்மானம் வந்தால் மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு மெலிந்து சொரசொரப்பாகிறது. அதற்கு அடியிலுள்ள எலும்பு கெட்டியாகி, ஓரங்களில் முள் முளைத்தாற்போல் வளர்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு அவ்வப்போது வீங்கி நீர் கோத்துக்கொள்கிறது. வலிக்குப் பயந்து காலை அசைக்காமல் வைத்திருப்பதால் தசைகளும் வலுவிழக்கின்றன. குருத்தெலும்பு மட்டுமல்ல, மூட்டு முழுவதுமே பாதிக்கப்படுகிறது என்பதை மனத்தில் கொண்டால், பின்வரும் பல பதில்களின் காரணம் தானாகவே விளங்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகெங்கும் ஏறத்தாழ 52 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் 73 விழுக்காட்டினர் 55 வயதைக் கடந்தவர்கள். 60 விழுக்காட்டினர் பெண்கள். வயது, உடல் எடை, பழைய காயம், பரம்பரை ஆகியவற்றோடு, ஆண்டுக்கணக்கில் குந்தியும் மண்டியிட்டும் பாரம் தூக்கியும் செய்த வேலையும் முழங்கால் தேய்மானத்துக்குக் காரணமாகிறது. கரும்புத் தோட்டங்களில் உழைத்த தலைமுறையைச் சேர்ந்த பாட்டிமார் பலர் இன்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுவதற்கு அந்த உழைப்பும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

என் தாயாருக்குச் சிக்குன்குனியா வந்து போனது. இப்போதுள்ள வலி அதனால் வந்ததா, தேய்மானத்தால் வந்ததா?

இந்தத் தீவுகளில் நியாயமாக எழும் கேள்வி இது. 2005-06ஆம் ஆண்டுகளில் ரீயூனியனையும் மொரீஷியஸையும் தாக்கிய சிக்குன்குனியா, ரீயூனியனில் மட்டும் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைப் பிடித்தது. 2025இல் இரு தீவுகளிலும் மீண்டும் பரவியது. கொசுவால் வரும் அந்தக் காய்ச்சல் சில நாள்களில் தணிந்துவிட்டாலும், மூட்டு வலி சிலருக்கு மாதக்கணக்கிலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கிறது.

வலி எப்படித் தொடங்கியது என்பதுதான் முதல் துப்பு. சிக்குன்குனியா வலி காய்ச்சலோடு திடீரென்று வந்து, மணிக்கட்டு, கணுக்கால், விரல்கள் எனப் பல மூட்டுகளை இரு பக்கமும் பிடிக்கும். காலையில் எழும்போது உள்ள இறுக்கமும் நெடுநேரம் விடாது. தேய்மான வலியோ ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறும். நடக்கும்போதும் படியேறும்போதும் மிகும், அமர்ந்தால் தணியும். தேய்மானத்தில் காலை இறுக்கம் பொதுவாக அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் சில நிமிடங்கள் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீளும் காலை இறுக்கமும், கைவிரல்களின் அடிக்கணுக்களில் மென்மையான வீக்கமும் இருந்தால், முடக்குவாதத்துக்கான இரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்டுப் பெறுவது நல்லது. அந்நோய்க்கான மருந்துகள் முற்றிலும் வேறு, அவற்றைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும்.

ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். முன்பே தேய்ந்திருந்த முழங்காலில் சிக்குன்குனியா வந்தவர்கள், காய்ச்சலுக்குப் பிறகே எல்லாம் தொடங்கியதாக நினைப்பதுண்டு.

எந்த அறிகுறி வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, கொதித்து, வீங்கி, அதோடு காய்ச்சலோ நடுக்கமோ இருந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கக்கூடும். நாளை பார்க்கலாம் என்று விடக் கூடாது. விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாமல் போனாலும் அப்படியே. இரவிலும் ஓய்விலும் ஓயாத வலியும், காரணமின்றி எடை குறைவதும் சேர்ந்திருந்தால் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

எக்ஸ்ரே எடுக்காமல் உறுதி செய்ய முடியாதா?

பெரும்பாலும் முடியும். 45 வயதைக் கடந்தவருக்கு, நடமாடும்போது வரும் மூட்டு வலியும், அரை மணி நேரத்துக்கு மேற்படாத காலை இறுக்கமும் இருந்தால், மருத்துவர் தொட்டுப் பார்த்தும் விசாரித்தும் முடிவுக்கு வரலாம். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முழங்காலோடு வலியில்லாமல் நடப்பவர்களும் உண்டு. படத்தில் சிறு மாற்றமே இருந்தும் இரவு முழுவதும் தவிப்பவர்களும் உண்டு. ஆகவே படத்தைப் பார்த்து அஞ்சிப் படுத்துவிடாதீர்கள்.

தேய்ந்த மூட்டை அசைத்தால் இன்னும் தேய்ந்துவிடாதா?

தேய்ந்துவிடாது. ஆயினும் இந்த அச்சம்தான் வலியைவிட அதிகமானவர்களை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது என்பது என் கருத்து. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அழுந்தி விடும்போது உள்ளே புகுந்து வெளியேறும் நீரிலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. அசையாத மூட்டில் அந்த ஓட்டம் குறைகிறது. தொடையின் முன்தசை மெலிகிறது. மெலிந்த தசையால் முழங்காலைத் தாங்க முடியாமல் அடுத்த அடி இன்னும் வலிக்கிறது. இன்று மருத்துவ வழிகாட்டுதல்கள் யாவும் உடற்பயிற்சியை மாத்திரைக்கு முன்னால் வைக்கின்றன.

தொடங்குவதற்குச் சிறப்புக் கருவி எதுவும் வேண்டாம். உறுதியான, நகராத நாற்காலியில் அமர்ந்து, கைகளை ஊன்றாமல் மெல்ல எழுந்து, அதைவிட மெல்ல அமருங்கள். முடியாவிட்டால் முதல் சில வாரங்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம், அல்லது இருக்கையில் ஒரு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டலாம். அமர்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்கலாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது மூன்றாவது. ஒவ்வொன்றையும் பத்து முறை, முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரங்கள் விடாமல் செய்த பிறகே பலன் நன்றாகத் தெரியும். முதல் வாரத்தில் கொஞ்சம் வலி கூடுவதைப் பார்த்து நிறுத்திவிடுபவர்களே அதிகம். பயிற்சியால் கூடிய வலி மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. வராவிட்டால் அளவைக் குறையுங்கள், பயிற்சியைக் கைவிடாதீர்கள்.

கடலில் நடக்கச் சொல்கிறார்கள். அதில் பலன் உண்டா?

உண்டு, அது இத்தீவு நமக்குச் சும்மா தரும் மருத்துவம். இடுப்பளவு நீரில் நிற்கும்போது கால் மூட்டுகள் உடல் எடையில் ஏறத்தாழ பாதியையே தாங்குகின்றன. அதே நேரத்தில் நீரைத் தள்ளி நடப்பதால் தசைக்கு வேலை கிடைக்கிறது. பவளத் திட்டு அலையைத் தடுத்து வைத்திருக்கும் புளூ பே, பிளிக்-ஆன்-பிளாக் போன்ற அமைதியான கரைகள் இதற்கு ஏற்றவை. பவளத்துண்டும் கடல் முள்ளெலியும் காலைக் கிழிக்காதிருக்க ரப்பர் காலணி அணிந்துகொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் அது இல்லாமல் இறங்கவே கூடாது. துணைக்கு ஒருவர் உடனிருக்கட்டும். கரையில் நடப்பவர்கள் சரிவான ஈர மணலை விட்டுச் சமமான நடைபாதையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எடையைக் குறைத்தால் உண்மையிலேயே வலி குறையுமா?

முழங்காலைப் பொறுத்தவரை, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. உடல் எடையில் ஐந்து விழுக்காடு குறைந்தாலே மாற்றம் தெரியத் தொடங்கும். பத்து விழுக்காடு குறைந்தால் தெளிவாகத் தெரியும். எண்பது கிலோ எடையுள்ளவருக்கு இது நான்கிலிருந்து எட்டுக் கிலோ. சோற்றையும் பரோட்டாவையும் ஒருசேர விலக்கச் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். இரவுச் சோற்றில் பாதியைக் காய்கறியாகவும் பருப்பாகவும் மாற்றுவதும், தேநீரில் சர்க்கரையையும் இனிப்புப் பானங்களையும் விடுவதும் நீடித்து நிற்கும் மாற்றங்கள். மிக முதியவர்கள் பட்டினி கிடந்து எடையைக் குறைக்கக் கூடாது. கொழுப்போடு தசையும் கரைந்துவிடும்.

கியூர்பிப் குளிரில் வலி கூடுகிறது. கடற்கரைப் பக்கம் குடிபெயர வேண்டுமா?

வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேட்டுநிலத்தின் ஈரக் குளிரில் மூட்டுகள் இறுகுவதாகப் பலர் உணர்கிறார்கள். வானிலை நோயை முற்றவைக்கிறது என்பதற்கோ உறுதியான சான்று இல்லை. எழுந்தவுடன் வெந்நீரில் குளிப்பதும், முழங்காலில் கம்பளி உறை அணிவதும், பதினைந்து நிமிடம் வெந்நீர்ப் பையை ஒத்துவதும் போதும். நீரிழிவால் கால் மரத்திருப்பவர்கள் வெப்பத்தை முதலில் கையால் சோதித்துப் பாருங்கள்.

குளியலறையும் கழிப்பறையும்தான் பெரிய தொல்லையாக இருக்கின்றன. என்ன மாற்றலாம்?

ஒரு வீட்டில் முதலில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். தாழ்வான கழிப்பறை இருக்கையிலிருந்து எழுவது, தேய்ந்த முழங்காலுக்கு ஒரு நாளின் மிகக் கடினமான வேலைகளுள் ஒன்று. இருக்கையின் மேல் பொருத்தும் உயர்த்தியை மருத்துவக் கருவிகள் விற்கும் கடைகளில் வாங்கலாம். பக்கச் சுவரில் ஒரு கைப்பிடியைச் சுவரோடு இறுக்கமாகப் பொருத்துங்கள்; துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழுபவர்கள் அதோடு சேர்ந்து விழுவார்கள். குளிக்கும்போது வழுக்காத அடிப்பாகமுள்ள நாற்காலி, நீண்ட கைப்பிடியுள்ள தேய்ப்பான், தரையில் ரப்பர் விரிப்பு ஆகியவை வேண்டும். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும், மடங்கும் தரைவிரிப்புகளை எடுத்துவிடுங்கள்.

இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களின் துன்பம் வேறு விதமானது. வலி தொடையிடுக்கில் இருக்கும். குனிந்து கால்நகம் வெட்டவும் காலுறை போடவும் முடியாது. நீண்ட காலணிக் கரண்டியும், மாதம் ஒருமுறை நகம் வெட்டிவிடும் பேரப்பிள்ளையும் இருந்தால் பெரும்பகுதி தீர்ந்தது.

விரல் கணுக்கள் முண்டும் முடிச்சுமாகிவிட்டன. சமையலை விட்டுவிட வேண்டுமா?

விட வேண்டாம், செய்யும் முறையை மாற்றுங்கள். விரல் நுனிக் கணுக்களிலும் நடுக் கணுக்களிலும் தோன்றும் அந்த எலும்பு முடிச்சுகள் பார்க்க அச்சமூட்டினாலும், சில ஆண்டுகளில் வலி தணிந்து முடிச்சு மட்டும் நிற்பதுண்டு. கட்டைவிரலின் அடிமூட்டுதான் சமையலில் அதிகம் சிரமப்படுத்தும்: மூடி திறத்தல், துணி பிழிதல், கத்தியை அழுத்திப் பிடித்தல் எல்லாம் அதன் வேலை. தடித்த பிடியுள்ள கத்தி, ரப்பர் துணியால் மூடி திறத்தல், கனமான பாத்திரத்தை இரு உள்ளங்கைகளாலும் தூக்குதல், கட்டைவிரலுக்கு ஓர் உறை ஆகியவை உதவும். நம் வீடுகளில் ரோஷ் காரி என்னும் அம்மியில் மசாலா அரைப்பதை இன்றும் பெருமையாகக் கருதுகிறோம். குனிந்து அரைக்கும்போது விரல், மணிக்கட்டு, முழங்கால் மூன்றும் ஒன்றாக அழுந்துகின்றன. அம்மியை இடுப்புயர மேடைக்கு ஏற்றிவிட்டு, அன்றாடத்துக்கு மின்னரைப்பானும் விசேஷ நாளுக்கு அம்மியுமாக வைத்துக்கொள்ளலாம். வெங்காயம் உரிப்பதையும் பருப்பு பொறுக்குவதையும் உயர்ந்த முக்காலியில் அமர்ந்து செய்யுங்கள்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? படிகளில் எப்படி?

வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலித்தால் இடது கையில். பெரும்பாலோர் மாற்றிப் பிடிக்கிறார்கள். தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்கட்டும். படியேறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது தடியையும் வலிக்கும் காலையும் முதலில் இறக்குங்கள். பேருந்தின் முதல் படி உயரமானது என்பதால் அங்கும் இதே முறைதான். முதியோருக்குப் பேருந்துப் பயணம் 2005 முதல் இலவசம். ஆனால் ஏறுவதற்குள் வண்டி நகர்ந்துவிடும் என்ற பயத்தில் வெளியே போவதையே நிறுத்தியவர்கள் உண்டு. ஏறுவதற்கு முன் ஓட்டுநரிடமோ நடத்துநரிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள், நெரிசலில்லாத முற்பகல் வேளையைத் தேர்ந்தெடுங்கள்.

வலி மாத்திரையைத் தினமும் சாப்பிடலாமா?

முதலில் பூசும் மருந்தைப் பயன்படுத்திப் பாருங்கள். முழங்காலுக்கும் கைக்கும் டைக்ளோபினாக் களிம்பு நன்றாக உதவுகிறது. இரத்தத்தில் கலப்பது குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே களிம்பு எட்டாது. பனடோலின் (பாரசிட்டமால்) வலிதணிக்கும் ஆற்றல் இந்நோயில் சிறிதே. 500 மில்லிகிராம் மாத்திரைகள் ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு அதைவிடவும் குறைவு. சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றில் அதே மருந்து மறைந்திருப்பதையும் கணக்கில் சேருங்கள்.

இபுபுரோபன், டைக்ளோபினாக் மாத்திரைகளைப் பற்றித்தான் நம் தீவில் அதிக எச்சரிக்கை தேவை. இங்கே வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. இரத்த அழுத்தமும் அதோடு கூடவே வருகிறது. இம்மாத்திரைகள் வயிற்றில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம், அழுத்தத்தைக் கூட்டலாம், இதயத்துக்கும் தீங்கு செய்யலாம். எனலாப்ரில், லோசார்டன் போன்ற அழுத்த மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையையும் சாப்பிடுபவர் இவற்றையும் சேர்த்துக்கொண்டால், சிறுநீரகம் திடீரெனப் பழுதாகும் ஆபத்து உண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கு நாள்களில் அது இன்னும் அதிகம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை என்று பார்மசியில் பெயர் சொல்லி வாங்காதீர்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால், குறைந்த அளவில், குறைந்த நாள்களுக்கு, உணவுக்குப் பின், வயிற்றைக் காக்கும் மருந்தோடு சாப்பிடுங்கள்.

தைலம், சூரணம், குளுக்கோசமைன்?

தைலம் தேய்ப்பதில் தவறில்லை. இளஞ்சூடும் கைபடும் இதமும் வலியைத் தற்காலிகமாகத் தணிக்கும். குளுக்கோசமைனின் பலன் ஆய்வுகளில் உறுதிப்படவில்லை; அதன் விலைக்கு ஒரு நல்ல காலணி வாங்கலாம். முகவரியில்லாமல் விற்கப்படும் மூட்டுவலிப் பொடிகள் இரண்டே நாளில் அற்புதம் செய்தால் ஐயப்படுங்கள்: இத்தகைய பொடிகளில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அவற்றை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.

மூட்டுக்குள் ஊசி போடுவது?

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். அந்த இடைவெளியைப் பயிற்சி தொடங்கப் பயன்படுத்தினால்தான் ஊசிக்கு அர்த்தம் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள்கள் சர்க்கரை ஏறும் என்பதால் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும்.

தைப்பூசக் காவடிக்கு விரதமிருந்து நடக்க விரும்புகிறேன். கூடாது என்கிறார்கள் பிள்ளைகள்.

கூடாது என்று ஒரே வார்த்தையில் மறுப்பதைவிட, எப்படி என்று கூடிப் பேசுவது நல்லது. கொடியேற்றத்தோடு தொடங்கும் பத்து நாள் சைவ விரதத்தால் மூட்டுக்குத் தீங்கில்லை. உணவு வேளைகள் குறையும்போதுதான் சிக்கல்: வெறும் வயிற்றில் வலி மாத்திரை சாப்பிடக் கூடாது, நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கொடியேற்றத்துக்கு முன்பே மருத்துவரிடம் சென்று அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

நடையைப் பொறுத்தவரை, ஜனவரி, பிப்ரவரி வெயிலில் சூடேறிய சாலையில் வெறுங்காலோடு மெதுவாக நகரும் ஊர்வலம், தேய்ந்த முழங்காலுக்கு நடையைவிட நிற்பதாலேயே அதிக வேதனை தரும். இரண்டு மாதங்களுக்கு முன்பே நடைப் பயிற்சியைத் தொடங்கி, அன்றைய தூரத்தில் பாதியையாவது சிரமமின்றி நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாதவர்கள் காவடிக்குப் பதில் பால்குடம் எடுக்கலாம், கடைசிப் பகுதியில் மட்டும் சேர்ந்துகொள்ளலாம். குவாத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச்சரிவிலுள்ள முருகன் கோவிலுக்குச் செல்பவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம். கைப்பிடிப் பக்கமாக, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் சேர்த்து வைத்து இறங்குங்கள். சன்னிதியில் விழுந்து வணங்க முடியாதவர் நின்று கைகூப்பினால் போதும் என்று எந்தக் குருக்களும் சொல்வார். அன்னதானத்தில் ஏழு கறிச் சோற்றைத் தரையில் அமர்ந்துதான் உண்ண வேண்டும் என்றும் இல்லை. முதியவர்களுக்கென்று சில நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைக்கும்படி கோவில் நிர்வாகத்திடம் கேட்பது உரிமையே, சலுகை அன்று.

வீட்டில் கவனித்துக்கொள்பவர் எவ்வளவு உதவ வேண்டும்?

அவர்களால் முடிந்ததை அவர்களே செய்ய விடும் அளவுக்கு. தாயார் மெதுவாக எழுகிறார் என்று கையைப் பிடித்து இழுத்தால் அவர் தோளும் உங்கள் முதுகும் கெடும். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை உள்ளே இழுத்து, முன்னால் சாய்ந்து எழச் சொல்லி, பக்கத்தில் நில்லுங்கள். மருமகள் எல்லா வேலையையும் பறித்துக்கொள்வது அன்பாகத்தான் தோன்றும். மாமியாருக்கோ அது கால் மெலிவதற்கும் மனம் தளர்வதற்கும் வழியாகும். தூக்கம் கெடுதல், பேச்சுக் குறைதல், வெளியே போக மறுத்தல் ஆகியவை மனச்சோர்வின் அடையாளங்களாக இருக்கலாம். மனச்சோர்வு வலியைப் பெருக்கும், அதற்கும் சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனைகளில் மருத்துவமும் இயன்முறைப் பயிற்சியும் இலவசம் என்பதால், அழைத்துச் செல்லும் முறையை உடன்பிறந்தோர் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரே மகளின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றும் வழக்கம் நம் குடும்பங்களில் மிகுதி.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு எப்போது சம்மதிக்கலாம்? அதன் பிறகு தரையில் அமர முடியுமா?

பயிற்சியும் எடைக் குறைப்பும் மருந்தும் முறையாகச் செய்து பார்த்த பிறகும் வலி தூக்கத்தைக் கெடுத்து, வீட்டுக்குள் நடமாடுவதையே தடுத்தால், அப்போது கேட்கலாம். வயது மட்டும் தடையன்று. 2019இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, செயற்கை முழங்கால்களில் ஏறத்தாழ 82 விழுக்காடும், செயற்கை இடுப்பு மூட்டுகளில் ஏறத்தாழ 58 விழுக்காடும் 25 ஆண்டுகள் நீடிக்கின்றன. ஆயினும் முழங்கால் மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவர் வரை முழு நிறைவு அடைவதில்லை என்பதையும் அறிந்தே முடிவெடுக்க வேண்டும்.

அறுவைக்கு முன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, புகைப்பழக்கத்தை விட்டு, தொடைத் தசையை வலுப்படுத்திக்கொண்டவர்கள் விரைவில் தேறுகிறார்கள். அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க வைப்பார்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம், உடனே தெரிவியுங்கள். புதிய முழங்கால் பெரும்பாலோருக்கு நாற்காலியில் அமரவும் படியேறவும் போதிய அளவு மடங்கும். சம்மணமிட்டுத் தரையில் அமரும் அளவுக்குச் சிலருக்கே மடங்கும். மண்டியிடுவதால் மூட்டு உடைந்துவிடாது, ஆனால் பலருக்கு அது கூச்சமும் குத்தலுமாக இருக்கும். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், தாழ்வாக உட்காரவும் கால் மேல் கால் போடவும் எப்போது அனுமதி என்பதை அறுவை செய்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்; அறுவை செய்த முறைக்கேற்ப அது மாறும்.